குளவியை விட்டுவிட்டு மருந்தும் அடித்தால் எப்படி?

உடுமலை, கோபி பக்கம் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்ப்பவர்களிடம் 2009, 2010 பற்றிக் கேட்டால் முதலில் வரும் பேச்சு மாவுப்பூச்சிதான். செடி முழுக்க வெள்ளை, நுனி சுருண்டு, இலையெல்லாம் பிசுபிசுவென்று, பறித்துப் போட்டாலும் புழு சரியாகத் தின்னாது. மற்ற பயிர்க்காரர் ஏதாவது மருந்தை அடித்துப் பார்க்கலாம், மல்பெரிக்காரருக்கு அந்த வழியும் கிடையாது. இலையில் கொஞ்சம் விஷம் தங்கியிருந்தாலே பட்டுப்புழு தட்டோடு செத்துப்போகும். அந்த நெருக்கடியிலிருந்து கொங்கு நாடு மீண்டது ஒரு மில்லிமீட்டர்கூட நீளமில்லாத ஒரு குளவியால். ஆனால் அதற்கப்புறம் இத்தனை வருடம் கழித்தும், "ஒட்டுண்ணி விட்டுப் பார்த்தனுங்க, ஒண்ணும் ஆகலை" என்று சொல்கிறவர்களும் நம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டு பேரும் உள்ளதைத்தான் சொல்கிறார்கள். அங்கே அப்படி வேலை செய்தது இங்கே ஏன் படுத்துவிடுகிறது என்று விவரமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் குளவியையும் மருந்து பாட்டில் மாதிரி நினைத்து வாங்குகிற பழக்கம் இருக்கிறவரை இந்தக் குழப்பம் தீராது.

குளவி என்றதும் தென்னையில் கூடு வைத்துக் காய் பறிக்க ஏறுகிறவரைக் கொட்டுகிற செங்குளவிதான் நினைவுக்கு வரும். இது வேறு கூட்டம், ஒட்டுண்ணிக் குளவி என்பது இதைத்தான். டிரைக்கோகிரம்மா என்கிற குளவி அரை மில்லிமீட்டர்தான் இருக்கும், வெறுங்கண்ணுக்குத் தூசிதான். ஆளைக் கொட்டாது. பெண் குளவியின் பின்முனையில் இருக்கும் ஊசி முட்டை வைப்பதற்கானது. அதைப் பூச்சியின் முட்டைக்குள்ளோ புழுவின் உடம்புக்குள்ளோ இறக்கித் தன் முட்டையை வைத்துவிட்டுப் போய்விடும். அது உள்ளேயே பொரிந்து, உள்ளிருந்தே தின்று வளர்ந்து, கடைசியில் ஓட்டை போட்டுக்கொண்டு குளவியாக வெளியே வரும். பூச்சி கட்டாயம் செத்திருக்கும். பேனும் உண்ணியும் ரத்தத்தைக் குடித்துவிட்டு ஆளை உயிரோடு விட்டுவைக்கும், இது விடாது. பொறிவண்டும் சிலந்தியும் கண்ணில் பட்டதையெல்லாம் பிடித்துத் தின்னும், இது அப்படியும் போகாது. பெரும்பாலான ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு ஒரு பூச்சி, மிஞ்சிப்போனால் அதன் நெருங்கிய சொந்தங்கள் சில, அதிலும் ஒரு குறிப்பிட்ட பருவம் மட்டும்தான் ஆகும். டிரைக்கோகிரம்மா பல வகை அந்துப்பூச்சிகளின் முட்டையில் வைக்கும் என்றாலும் முட்டையைத் தாண்டிப் போகாது. முட்டை பொரிந்து புழு வந்துவிட்டால் அதனால் ஒரு பயனும் இல்லை.

புழுவும் சும்மா இருப்பதில்லை. உடம்புக்குள் அந்நிய முட்டை வந்ததும் அதன் ரத்த அணுக்கள் சூழ்ந்து மூடிக் கொன்றுவிடப் பார்க்கும். இதைச் சமாளிக்க, பிரக்கானிட் குடும்பத்துக் குளவிகள் பலவும் முட்டையோடு சேர்த்து ஒரு வைரஸையும் உள்ளே செலுத்திவிடுகின்றன. அந்த வைரஸ் புழுவின் எதிர்ப்பைக் கெடுத்துவிடும், குளவிக்கு ஒன்றும் செய்யாது, ஏனென்றால் அதன் மரபணு அந்தக் குளவியின் மரபணுவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. இப்படி ஒரு பூச்சிக்கென்றே பழகி வளர்ந்த உயிரை இன்னொரு பூச்சிமேல் விட்டால் வேலை செய்யாததில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

சரி, மாவுப்பூச்சிக்கு வருவோம். பப்பாளி மாவுப்பூச்சி மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. இந்தியாவில் முதன்முதலில் அதைப் பார்த்துப் பதிவு செய்தது 2008 ஜூலையில், நம் கோயம்புத்தூரில்தான். பப்பாளியோடு நிற்கவில்லை, மல்பெரி, குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, பருத்தி, வீட்டு வாசல் செம்பருத்தி, ரோட்டோரப் பார்த்தீனியம் என்று ஏறாத செடி இல்லை. உடம்பு முழுக்க மெழுகு பூசிக்கொண்டிருப்பதால் மருந்து ஒட்டாது. திரும்பத் திரும்ப அடித்ததில் செத்தது பொறிவண்டுகள்தான். பார்த்தீனியத்துக்கும் வேலியோரச் செடிக்கும் யார் மருந்தடிப்பது, தோட்டத்தில் குறைந்தது அங்கிருந்து மறுபடி வந்து ஏறிக்கொண்டது.

மெக்சிகோவில் இந்தப் பூச்சி ஒரு பிரச்சினையே இல்லை. அங்கே அதைத் தின்று அடக்கிவைக்கும் குளவிகள் உண்டு. பூச்சி கடல் தாண்டி வந்தபோது அந்தக் குளவிகள் கூட வரவில்லை, அதுதான் விஷயம். பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம், அமெரிக்க வேளாண் துறை புவெர்ட்டோ ரிக்கோவில் வளர்த்துவந்த மூன்று குளவி வகைகளை 2010 ஜூலையில் வரவழைத்தது. அசிரோபேகஸ் பப்பாயே, அனாகைரஸ் லோக்கி, சூட்லெப்டோமாஸ்டிக்ஸ் மெக்சிகானா என்பவை அவற்றின் பெயர். அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டுத் தோட்டங்களில் விட்டார்கள். மூன்றில் நன்றாக ஊன்றியது அசிரோபேகஸ்தான். அடுத்த சில மாதங்களிலேயே மாவுப்பூச்சி மளமளவென்று இறங்கிவிட்டது. குளவி தானாகவே பறந்து பரவி, வேலியோரப் பார்த்தீனியத்தையும் பார்த்துக்கொண்டது.

இப்படி வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதை யாரும் அவசரத்தில் செய்துவிடக் கூடாது. வருகிற குளவிக்கூட்டத்துக்குள் அந்தக் குளவியையே தின்னும் இன்னொரு குளவி கலந்திருக்கலாம், ஒட்டுண்ணிக்கு ஒட்டுண்ணி என்று ஒரு தனிக் கூட்டமே இருக்கிறது. அது தப்பி வந்தால் வேலை கெட்டது. வந்த குளவி நல்ல பூச்சிகளின்மேல் கைவைக்குமா என்றும் பார்க்க வேண்டும். அதனால் முதலில் பூட்டிய கூடத்தில் தனிமைப்படுத்தி வைத்துச் சோதிப்பார்கள். அமெரிக்காவில் 1906-ல் ஒருவகை அந்துப்பூச்சியை ஒழிக்க ஐரோப்பாவிலிருந்து ஒட்டுண்ணி ஈ ஒன்றைக் கொண்டுபோய் விட்டார்கள். அது கண்ட புழுவிலும் முட்டை வைக்கிற ஈ. அந்நாட்டின் அழகான பெரிய பட்டு அந்துகள் குறைந்துபோனதில் அந்த ஈக்குப் பெரிய பங்கு உண்டு. பட்டுப்புழு வளர்க்கிற கொங்கு நாட்டில் இந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்திருப்பது நல்லது. நம் பட்டுப்புழு மனைகளில் தொல்லை கொடுக்கும் ஊசி ஈயும் அதே குடும்பத்து ஒட்டுண்ணி ஈதான், புழுவின்மேல் முட்டை வைத்துக் கூட்டைக் கெடுத்துவிடும். அதை அடக்க நெசோலின்க்ஸ் தைமஸ் என்ற குளவியைப் பைகளில் போட்டு மனைக்குள் தொங்கவிடுகிறார்கள். அது ஈயின் கூட்டுப்புழுவில் முட்டை வைக்கும். ஆக ஒட்டுண்ணி என்றாலே நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது. எது, எதன்மேல், என்று கேட்க வேண்டும்.

குச்சிக்கிழங்குக்கு அடுத்த அடி வந்தது பத்து வருடம் கழித்து. இந்தமுறை வேறு மாவுப்பூச்சி, தென் அமெரிக்காவைச் சேர்ந்த மரவள்ளி மாவுப்பூச்சி. 1970-களில் ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்து, மரவள்ளியையே சோறாகத் தின்கிற கோடிக்கணக்கான மக்களின் பயிரை அழித்த பூச்சி இது. ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிஸ் விஞ்ஞானி தலைமையில் நடந்த தேடலில் 1981-ல் பராகுவே நாட்டில் இந்தப் பூச்சியும் அதன் குளவியும் கிடைத்தன. அனாகைரஸ் லோபெசி என்ற அந்தக் குளவியை அதே வருடம் நைஜீரியாவில் விடத் தொடங்கி, பின்னால் ஆப்பிரிக்கா முழுக்க விட்டுப் பரப்பினார்கள். ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. 2008-ல் பூச்சி தாய்லாந்துக்கு வந்தது, மறு வருடமே அவர்கள் பெனின் நாட்டிலிருந்து குளவியை வாங்கிக்கொண்டார்கள். 2020-ல் கேரளத்தில் திருச்சூரில் தெரிந்தது, பிறகு சேலம், நாமக்கல், தர்மபுரி, ஈரோடு என்று கிழங்குக்காடு முழுவதும் பரவியது. நுனி கொத்தாகச் சுருண்டு, கணுவிடை குறுகி, செடி குட்டையாக நின்றுவிடும். இந்தப் பூச்சியில் ஆணே கிடையாது. ஒரே ஒரு பெண் குச்சியில் ஒட்டிக்கொண்டு வந்தாலும் போதும், அடுத்த காடு முழுக்க அதன் பிள்ளைகள்தான். ஜவ்வரிசி ஆலைகள் இந்தக் கிழங்கை நம்பித்தான் ஓடுகின்றன. பெனினிலிருந்து லோபெசியை வரவழைத்து, சோதித்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதலில் விட்டார்கள். இந்தக் குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டை வைப்பதோடு, சில பூச்சிகளைக் குத்திச் சாறு உறிஞ்சியும் கொல்லும்.

இந்த இரண்டு கதையிலும் விவசாயி குளவியை விலைக்கு வாங்கவில்லை. சரியான எதிரியைத் தேடிக் கொண்டுவந்து ஊன்றவைத்துவிட்டால், பூச்சி இருக்கிறவரை அதுவும் இருக்கும். பூச்சி குறைந்தால் குளவியும் குறையும், பூச்சி ஏறினால் கொஞ்சம் பின்தங்கி அதுவும் ஏறும். அந்தப் பின்தங்கும் காலத்தில்தான் நமக்குப் பொறுமை போய்விடுகிறது. இலையில் வெள்ளையாகத் தெரிந்ததும் ஒரு டேங்க் அடித்துவிடுவோம் என்று கை பரபரக்கும். அடித்தால் மெழுகுக்குள் இருக்கும் மாவுப்பூச்சியில் பாதி பிழைத்துக்கொள்ளும், வெளியே பறந்து திரிகிற குளவி அத்தனையும் சாகும், அடுத்த மாதம் பூச்சி முன்னைவிட அதிகமாக நிற்கும். குளவி வேலை செய்யவில்லை என்ற பெயரும் வந்துவிடும்.

கரும்புக்குக் கட்டுகிற ஒட்டுண்ணி அட்டை, அதாவது உள்ளே குளவி வளர்கிற முட்டைகளை ஒட்டிய காகித அட்டை, முற்றிலும் வேறு விவகாரம். கரும்பைத் துளைக்கும் இடைக்கணுப் புழு இங்கேயே இருக்கிற பூச்சி, டிரைக்கோகிரம்மா கைலோனிஸும் இங்கேயே இருக்கிற குளவி. ஆனால் பூச்சி முட்டை வைக்கிற நேரத்துக்கு வயலில் போதுமான அளவு குளவி இருக்காது, அதைக் கூட்டிக் கொடுப்பதுதான் அட்டையின் வேலை. ஒருமுறை விட்டால் நிலைத்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஹெக்டேருக்கு ஒரு தடவைக்கு 2.5 சிசி என்ற கணக்கில், நான்காம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை, ஆறு தடவை கட்ட வேண்டும் என்பது பரிந்துரை. ஒரு சிசி என்றால் 18,000 முதல் 20,000 முட்டை. இரண்டு தடவை கட்டிவிட்டு மீதியை விட்டவர்கள் பலர்.

அந்த அட்டை எப்படித் தயாராகிறது என்று ஒருமுறை பார்த்தால் அதன்மேல் வேறு மரியாதை வரும். உடைத்த கம்பைத் தட்டில் பரப்பி, கொஞ்சம் நிலக்கடலைத் தூளும் ஈஸ்டும் கலந்து, அதில் நெல் அந்துப்பூச்சியின் முட்டையைத் தூவி வளர்ப்பார்கள். ஒரு மாதத்துக்கு மேலாகும் அந்து வெளியே வர. அந்துக்களைப் பிடித்துச் சல்லடை வைத்த கூண்டில் போட்டால் அடியில் முட்டை உதிரும். அதைச் சலித்துச் சுத்தம் செய்து, புற ஊதா விளக்கின் கீழே வைத்து உள்ளிருக்கும் கருவைக் கொன்றுவிடுவார்கள், இல்லாவிட்டால் குளவி வைக்காமல் விட்ட முட்டைகள் பொரிந்து புழு வந்து மற்ற முட்டைகளைத் தின்றுவிடும். பிறகு அட்டையில் கோந்து தடவி முட்டையைத் தூவி, குளவி வெளிவரப்போகும் ஒரு அட்டைக்கு ஆறு புது அட்டை என்ற கணக்கில் ஒன்றாகப் பையில் அடைப்பார்கள். குளவி வைத்த முட்டை மூன்று நான்கு நாளில் கறுத்துவிடும். ஒரு வாரம் பத்து நாளில் குளவி வெளியே வரும். கறுத்த பிறகு குளிர்பெட்டியில் வைத்துக் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம், அதிக நாள் வைத்தால் வெளியே வருவது குறையும்.

இதில் எங்கே கை தவறினாலும் விவசாயிக்கு வருவது வெறும் காகிதம். இன்னொரு சங்கதியும் இருக்கிறது. குளவிகளில் கருவுற்ற முட்டையிலிருந்து பெண்ணும் கருவுறாத முட்டையிலிருந்து ஆணும் பிறக்கும். கூடத்தில் வளர்ப்பு சரியில்லாவிட்டால் ஆண்கள் அதிகமாகிவிடும். ஆண் குளவி எத்தனை ஆயிரம் பறந்தாலும் ஒரு முட்டைக்கும் ஆபத்தில்லை. அட்டையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. அதனால் யாரிடம் வாங்குகிறோம் என்பது முக்கியம். சொந்தமாகக் கூடம் வைத்துத் தன் கரும்புக்காரர்களுக்குக் கொடுக்கிற சர்க்கரை ஆலைக்கு, கரும்பு கெட்டால் தனக்கே நஷ்டம் என்ற அக்கறை இருக்கும்.

அப்புறம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் அடிக்கிற காற்றை வெளியூர்க்காரருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அரை மில்லிமீட்டர் குளவி அதில் என்ன ஆகும்? வளர்ந்த கரும்புக்குள் காற்று மட்டுப்படும், அங்கே தோகையின் அடியில் கட்டினால் தப்பிக்கும். திறந்த வெளியில் முழங்கால் உயர மக்காச்சோளத்தில் ஆடிக்காற்றில் அட்டை கட்டுவது என் பார்வையில் காசை வீணாக்குவது. அதே மக்காச்சோளத்துக்கு 2018-ல் வந்த படைப்புழு தன் முட்டைகளை அடுக்கடுக்காகக் குவித்து மேலே ரோமத்தால் மூடிவிடும். டிரைக்கோகிரம்மாவுக்கு மேலடுக்கைத் தாண்டிப் போவது சிரமம், டெலினோமஸ் ரீமஸ் என்ற சற்றுப் பெரிய குளவி அடி அடுக்கு வரை புகுந்து வைக்கும். கடையில் கிடைக்கிறதே என்று படைப்புழுவுக்கு ஏதோ ஒரு அட்டையை வாங்கிக் கட்டுவதில் இந்தச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது.

பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னைக்கு வந்தால் இன்னும் ஒரு மாதிரி. கருந்தலைப்புழுவுக்கு ஒட்டுண்ணி விடுவது இங்கே பழைய வழக்கம். அதற்கு விடும் கோனியோசஸ் என்ற கறுத்த சிறு குளவியைப் பற்றி கொஞ்சம் சொல்லாமல் போக மனமில்லை. ஓலையின் அடியில் புழு நூலும் எச்சமும் சேர்த்துக் கட்டிய பாதைக்குள் இந்தக் குளவி நுழைந்து, தன்னைவிடப் பல மடங்கு பெரிய புழுவைக் கொட்டி மயக்கிவிடும். அதன் உடம்பின்மேலேயே முட்டைகளை வைத்துவிட்டு, மற்ற குளவிகள் மாதிரிப் பறந்து போகாமல் அங்கேயே இருக்கும். குஞ்சுகள் பொரிந்து புழுவைத் தின்று வளரும்வரை காவல்தான். வேறொரு பெண் குளவி அந்தப் புழுவைப் பிடிக்க வந்தால் இரண்டும் கட்டிப் புரண்டு சண்டை போடும், ஏனென்றால் வருகிறவள் ஜெயித்தால் ஏற்கெனவே இருக்கும் முட்டைகளை அழித்துவிட்டுத் தன் முட்டையை வைப்பாள். இவற்றை விடும்போது மரத்தின் மண்டையில் விடக்கூடாது, அங்கே சிலந்தியும் மற்ற பூச்சிதின்னிகளும் காத்திருக்கும். தண்டுப் பகுதியில் விட வேண்டும். விடுவதற்கு முன் தேன் கொடுத்திருக்க வேண்டும். அவசரமாகப் பாட்டிலைத் திறந்து விட்டுவிட்டுப் போகிறவர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை.

2016-ல் பொள்ளாச்சியில் தெரிந்த சுருள் வெள்ளை ஈ மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. அதன் தேன்கழிவு கீழ் ஓலையில் விழுந்து கரும்பூசணம் பிடித்து, தோப்பே புகை படிந்த மாதிரி ஆகிவிடும். பார்க்கிறவருக்கு வயிறு எரியும், அதனால் பயந்து மருந்தடித்தவர்கள் ஏராளம். ஆனால் இதன் எதிரியான என்கார்சியா குவாடலூப்பே என்ற குளவி இந்தியாவில் ஏற்கெனவே இருந்தது. 2000-ஐ ஒட்டி இன்னொரு சுருள் வெள்ளை ஈயில் லட்சத்தீவில் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். யாரும் கொண்டுவந்து விடாமலே அது தென்னைக்கு வந்து சேர்ந்தது.

உங்கள் தோப்பில் அது இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். கையெட்டும் ஓலையில் ஒரு கீற்றைக் கிள்ளித் திருப்பி, மெழுகுப் பஞ்சை மெதுவாக ஊதிவிட்டு, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைலென்ஸில் பாருங்கள். வெள்ளை ஈயின் கூட்டுப்பருவங்கள் வெளிர் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவே சில கறுத்திருந்தால் உள்ளே குளவி வளர்கிறது. காலியான ஓடுகளையும் பாருங்கள். வெள்ளை ஈ வெளியே வந்த ஓட்டில் முதுகு கீறிப் பிளந்திருக்கும். குளவி வந்த ஓட்டில் ஊசியால் குத்தியது போல வட்டமான துளை இருக்கும். வட்டத்துளை ஓடுகள் கணிசமாக இருந்தால் அந்தத் தோப்பில் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் மருந்தடிப்பதைவிடப் பெரிய கெடுதல் எதுவும் செய்ய முடியாது. குளவி இல்லாத தோப்புக்கு, இருக்கிற தோப்பிலிருந்து கறுத்த பருவங்கள் உள்ள கீற்றுகளை வெட்டிக்கொண்டு போய்க் கட்டலாம். கரும்பூசணத்துக்கு மைதாப் பசைத் தண்ணீர் தெளித்தால் காய்ந்து உரிந்து விழும். மஞ்சள் ஒட்டுப்பொறியை மட்டும் யோசித்துக் கட்டுங்கள், அந்த மஞ்சள் நிறம் குளவியையும் இழுக்கும். அதற்கப்புறம் கூடு கட்டும் சின்ன வெள்ளை ஈக்களும் தென்னைக்கு வந்துவிட்டன. சுருள் வெள்ளை ஈக்குப் பொருந்திய குளவியை நம்பி அவற்றையும் விட்டுவிட முடியாது, அங்கே பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி போன்றவற்றின் உதவியும் வேண்டும்.

மருந்தே அடிக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. படைப்புழு குருத்துக்குள் இறங்கிய மக்காச்சோளத்தில் சும்மா பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது, பல்லடத்துக் கோழிப்பண்ணைக்கும் நாமக்கல் முட்டைக்கும் போகிற தீவனம் அது. ஆனால் மருந்துக்கு மருந்து வித்தியாசம் உண்டு. சைபர்மெத்ரின், குளோர்பைரிபாஸ் மாதிரி பட்டதையெல்லாம் கொல்லும் மருந்து குளவியைத் துடைத்துவிடும். குளோரான்ட்ரனிலிப்ரோல் போன்றவை புழுவைக் கொன்றாலும் குளவிகளை ஒப்பீட்டளவில் குறைவாகத்தான் பாதிக்கும். அட்டை கட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரமாவது எதுவும் அடிக்காமல் இருக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அடித்தால்? இந்தக் கேள்விக்கு ஒற்றை விவசாயியிடம் பதில் இல்லை. ஒரே வாய்க்கால் பாசனத்தில் இருக்கிறவர்கள் சேர்ந்து பேசி ஒரே வாரத்தில் விட்டால்தான் பலன் தெரியும். முறைத்தண்ணீருக்குக் கூடிப் பேசுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது, இதற்கும் பேசலாம்.

குளவிக்குச் சாப்பாடும் வேண்டும். வளர்ந்த குளவி தேனையும் மகரந்தத்தையும் தின்றுதான் உயிர் வாழும், பசியோடு இருந்தால் சீக்கிரம் சாகும், முட்டையும் குறைவாக வைக்கும். வரப்போரம் தட்டைப்பயறு, கொத்தமல்லி, கடுகு, சூரியகாந்தி என்று ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டே இருக்கட்டும். களைக்கொல்லி அடித்து வரப்பு வரை மொட்டையடித்த தோட்டத்தில் குளவியை விட்டால் அது எங்கே தங்கும்?

அட்டை வாங்குகிறவர்கள் தேதியைக் கேட்டு வாங்குங்கள். முட்டை நன்றாகக் கறுத்திருக்க வேண்டும். வெளுப்பாக இருந்தால் குளவி வைக்கவில்லை. துளை விழுந்த காலி ஓடாக இருந்தால் குளவி வழியிலேயே வெளியே வந்துவிட்டது, அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சிறு துண்டுகளாக வெட்டி, இலையின் அடிப்பக்கம், வெயிலும் மழையும் நேராகப் படாதபடி காலையிலோ சாயங்காலமோ பொருத்துங்கள். எறும்பு ஏறுகிற செடியில் கட்டாதீர்கள், முட்டை முழுவதையும் எறும்பு கொண்டுபோய்விடும். குச்சிக்கிழங்குக்காரர்கள் நடவுக்குக் குச்சி வாங்கும்போது மாவுப்பூச்சி இருந்த காட்டுக் குச்சியை, விலை குறைவு என்று யார் சொன்னாலும், வண்டியில் ஏற்றாதீர்கள்.